விரல் பட்ட வசனம்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் மாமியார் என் நிறத்தைப் பார்க்கவில்லை. சமைக்கத் தெரியுமா, தேயிலைக் கொழுந்து எடுக்கத் தெரியுமா என்றும் கேட்கவில்லை. மடியில் வைத்திருந்த துணி மூட்டையை அவிழ்த்து, கறுப்பு அட்டை போட்ட தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து, ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

"இத வாசி தாயி."

வாசித்தேன். என்ன வாசித்தேன் என்று இன்று ஞாபகமில்லை, அன்றைக்கே புரியவும் இல்லை. தடங்கல் இல்லாமல் வாசித்தேன் என்பது மட்டும் தெரியும். அவர் என் அப்பாவைப் பார்த்து, "பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்குங்க" என்றார். மாப்பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

என் அப்பாவுக்குப் பட்டிப்பொல ஸ்டேஷன் பக்கம் தண்டவாள வேலை. நாங்கள் மாரியம்மன் கும்பிடுகிறவர்கள். மாமியார் வீடு லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டத்தில். அவர்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். வீட்டில் வேதப் புத்தகம் இருந்தது, வாசிக்க ஆள் இல்லை. மாமியாருக்கு எழுத்தே தெரியாது. மகனுக்குத் தெரியும், ஆனால் அவர் எழுத்துக்கூட்டி ஒரு வரியை முடிப்பதற்குள் அடுப்பு அணைந்துவிடும். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஆக, என்னை மருமகளாகக் கூட்டி வந்தார்களா, புத்தகத்துக்குக் கண்ணாடியாகக் கூட்டி வந்தார்களா என்று பல தடவை கேலியாக நினைத்துக்கொண்டதுண்டு. ஞானஸ்நானம் கொடுத்தார்கள், கல்யாணம் நடந்தது, மறுநாள் சாயங்காலமே புத்தகம் என் மடிக்கு வந்துவிட்டது.

பெரிய ஊர்களில் வேதத்தை எப்படிப் படிப்பார்களோ எனக்குத் தெரியாது. எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், படித்த விதம் ஒன்றுதான். கண்ணை மூட வேண்டும், புத்தகத்தைத் திறக்க வேண்டும், விரலை வைக்க வேண்டும். விரல் நின்ற வரி உனக்கு ஆண்டவர் சொன்னது. அதை வாசித்துவிட்டு மூடிவிட வேண்டும். முன்னால் என்ன, பின்னால் என்ன என்று பார்ப்பது, கொடுத்ததை வாங்கிக்கொண்டு இன்னும் கேட்பது மாதிரி மரியாதைக் குறைவு என்று மாமியார் நினைத்தார். அதனால் எத்தனையோ மாதம் வாசித்தும், ஒரு கதையின் தொடக்கமும் எனக்குத் தெரியாது, முடிவும் தெரியாது. யாரோ கிணற்றடியில் நிற்பார், யாரோ மலையேறுவார், யாரோ அழுவார். அவர்கள் யார், ஏன் அழுகிறார்கள் என்று தெரியுமுன் புத்தகம் துணிக்குள் போய்விடும்.

எனக்கு இது புதிதில்லை என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பூக்கட்டிப் பார்ப்போம். சிவப்புப் பூ ஒரு பொட்டலத்தில், வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்தில் கட்டி, சாமி முன்னால் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வோம். ஆனால் அதில் ஆகும், ஆகாது என்று இரண்டே பதில். இந்தப் புத்தகத்திலோ ஆயிரக்கணக்கான பதில்கள். அதில் வெட்டு, குத்து, கொள்ளை நோய், வெட்டுக்கிளி எல்லாம் இருந்தன. அத்தனையும் என் விரலுக்காகக் காத்திருக்கின்றன என்று தோன்றும். சாயங்காலம் ஆனாலே பயம் வந்துவிடும்.

முதல் பிள்ளை பிறக்கும்போதே உயிரில்லை. ஆண் பிள்ளை. அதற்குப் பிறகு இரண்டாவது முறை வயிற்றில் தங்கியபோது, லயத்தில் ஒருவரும் அதைப் பற்றி என்னிடம் உரக்கப் பேசவில்லை. பேசினால் கண் பட்டுவிடும் என்று எல்லாரும் ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். மாமியார் மட்டும் மலையில் கொழுந்தெடுக்கும்போது என் கூடையிலிருந்து கொழுந்தை அள்ளித் தன் கூடையில் போட்டுக்கொள்வார். பாரம் குறையட்டும் என்றுதான். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார்.

அந்த நிலையில்தான் புது வருஷம் பிறந்தது.

எங்கள் தோட்டத்தில் வேதக்காரர்கள் ஏழெட்டுக் குடும்பம்தான். கோயில் கிடையாது. வேலை நாட்களில் கொழுந்தெடுக்கும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராதான் எங்களுக்குக் கோயில். உத்திரத்தில் பிள்ளைகளைப் போடும் துணி ஏணைகள் வரிசையாகத் தொங்கும். புது வருஷக் காலையில் அவற்றுக்குக் கீழே சாக்கு விரித்து உட்கார்ந்து, ஒவ்வொருவராக அந்த வருஷத்துக்கான வசனத்தை விரல் வைத்து எடுப்பது வழக்கம். வாசிப்பவள் நான்.

நல்ல வேடிக்கையும் நடக்கும். ஒரு வருஷம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஒருவருக்கு ஒட்டகம், கழுதைகளின் கணக்கு வந்தது. ஒட்டகத்துக்கு இங்கே வழியில்லை என்பதால் மாடு வரும் என்று முடிவு செய்து, கயிறு வாங்கி வைத்துக்கொண்டு வருஷம் முழுவதும் காத்திருந்தார். இன்னொருத்திக்கு ஏதோ மதிலின் நீள அகலம் வந்தது. துரை நம் லயத்துக்குக் கூரை மாற்றப்போகிறார் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். கூரை ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

அன்றைக்கு என் முறை வந்தபோது விரல் வியர்த்திருந்தது. கண்ணை மூடினேன். புத்தகத்தைத் திறந்தேன். விரலை வைத்தேன். வழக்கம்போல வாய் விட்டு வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்கப் பழகியவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, புத்தி வந்து சேருமுன் வாய் போய்விடும். நான் வாசித்து முடித்த பிறகுதான் வாசித்தது என் காதில் விழுந்தது. பழைய நடையில் சுற்றி வளைத்து எழுதியிருந்ததன் சாரம் இவ்வளவுதான்: நீ செய்த காரியத்தால் ஆண்டவரின் பகைவர்கள் அவரைத் தூஷிக்கும்படி ஆயிற்று, ஆகையால் உனக்குப் பிறந்திருக்கும் பிள்ளை பிழைக்காது.

மேலே ஏணைகள் காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தன. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தாள். வேறு வசனம் எடுக்கட்டுமே என்று என் புருஷன் சொல்லிப் பார்த்தார். அப்படியெல்லாம் ஆண்டவரோடு பேரம் பேச முடியாது என்று ஒரு பெரியவர் தலையை ஆட்டிவிட்டார். மாமியார் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கித் துணியில் சுற்றினார். எப்போதும் போடும் ஒரு முடிச்சுக்கு மேல் அவர் இன்னொரு முடிச்சும் போட்டதைப் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் என்னை அடுப்படியில் உட்கார வைத்துக் கேட்டார்.

"என்னா செஞ்ச? எதுனாச்சும் செஞ்சிருந்தா சொல்லிரு தாயி. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நான் ஒண்ணுமே செய்யல அத்தை."

"நீ செய்த காரியத்தாலன்னு போட்டிருக்கே."

நானும் தேடினேன். பட்டிப்பொலவுக்குப் போனபோது அம்மன் கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தேனா, யார் வயிற்றெரிச்சலையாவது கொட்டிக்கொண்டேனா, முதல் பிள்ளை போனபோது ஆண்டவரைத் திட்டினேனா என்று தேடித் தேடி மனம் நொந்தேன். செய்யாத குற்றத்தை நமக்குள்ளேயே தேடுவதைப் போலக் கொடுமை வேறில்லை. கடைசியில், எதுவோ செய்திருக்கத்தான் வேண்டும் என்று நானே நம்பத் தொடங்கினேன். அன்றிலிருந்து புத்தகம் இருந்த தகரப் பெட்டிப் பக்கமே போகவில்லை. இன்னொரு தடவை திறந்தால் இன்னும் என்ன வருமோ.

மாதத்துக்கு ஒரு தடவை தலவாக்கலையிலிருந்து உபதேசியார் வருவார். பல தோட்டங்களுக்கும் அவர் ஒருவர்தான். வந்தால் ஜெபம், ஒரு பிரசங்கம், ஒரு தேத்தண்ணி, பிறகு பஸ். நல்ல மனிதர், ஆனால் எப்போதும் ஒரு காது ரோட்டுப் பக்கம் இருக்கும். அந்த மாதம் அவர் கிளம்பும் நேரத்தில் மாமியார் வழியை மறித்து நின்று விஷயத்தைச் சொன்னார். உபதேசியார் நடந்துகொண்டே பதில் சொன்னார்.

"அது ஒரு ராஜாவோட கதை ஆச்சி. பிள்ளைக்குச் சொகமில்லாமப் போனதும் அந்த ராஜா சாப்பிடாம உபவாசம் இருந்து, தரையில கெடந்து ஜெபம் பண்ணுனாரு."

"பெறகு?"

பஸ் வளைவில் ஹார்ன் அடித்தது. "அடுத்த மாசம் விவரமாச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அவர் பள்ளத்தில் இறங்கி ஓடினார். அடுத்த மாதம் அவருக்குக் காய்ச்சல், வரவில்லை. அதற்கடுத்த மாதம் வேறு தோட்டத்தில் கல்யாணம்.

ஆனால் மாமியாருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ராஜா சாப்பிடவில்லை, தரையில் கிடந்தார். அவ்வளவு பெரிய ராஜாவே செய்தால் அது மருந்தாகத்தான் இருக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள் பகல் பட்டினி என்று முடிவாயிற்று. இருட்டிய பிறகு ஒரு ரொட்டி, பாலில்லாத ஒரு சாயத் தண்ணி. படுக்கை இஸ்தோப்பில், லயத்துக்கு முன்னால் இருக்கிற அந்தச் சின்னக் கூடத்துத் தரையில். பாய் கூடாது.

அவரை ராட்சசி என்று நினைத்துவிட வேண்டாம். நான் பட்டினி கிடந்த நாளெல்லாம் அவரும் பட்டினி கிடந்தார். வெறும் வயிற்றோடு மலையேறி, தன் கூடையையும் நிரப்பி என் கூடையையும் நிரப்பினார். நான் சிமெண்டுத் தரையில் படுத்தால் அவரும் என் பக்கத்தில் படுத்தார். நான் நடுங்கும்போது தன் கம்பளியை என் மேல் போட்டுவிட்டு, "இதுக்கு ஆண்டவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்பார். நான் அவரை வெறுக்க முடிந்திருந்தால் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

என் புருஷனுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. வரும்போது கோட்டுக்குள் ஒரு பணிஸ் ரொட்டியை ஒளித்துக்கொண்டு வருவார். மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்குக் குடத்தோடு போகும்போது என் கையில் திணிப்பார்.

"சாப்புடு. அம்மாவுக்குத் தெரிய வேணாம்."

"இதத் தின்னு பிள்ளைக்கு எதுனாச்சும் ஆனா?"

"திங்காமப் போனா மட்டும்?"

பசியில் பாதியைத் தின்பேன். வாயில் இருக்கும்போதே பயம் வந்துவிடும். பிள்ளையின் ஆயுசைத்தான் தின்கிறேனோ என்று தோன்றும். மீதியை ஓடையில் போட்டுவிடுவேன். தண்ணீரில் அது ஊறி மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்று, அதற்கும் அழுவேன்.

ராஜாவுக்கு என்ன ஆயிற்று என்பது என்னை அரித்துக்கொண்டே இருந்தது. உபதேசியார் சொல்லாமல் விட்ட அந்தப் 'பெறகு' கொழுந்தெடுக்கும்போதும் என் கூடவே வந்தது. ஒரு மத்தியானம், மாமியார் மலையில் இருந்தபோது, தகரப் பெட்டியைத் திறந்து புத்தகத்தை எடுத்தேன். அந்தப் பக்கம் சுலபமாகக் கிடைத்தது. புது வருஷத்தன்று என் வியர்வை பட்ட இடத்தில் தாள் சுருங்கியிருந்தது. விரல் நின்ற வரிக்குக் கீழே இரண்டு மூன்று வசனம் மட்டும் வாசித்தேன். ராஜா உபவாசம் இருக்கிறார். தரையில் கிடக்கிறார். ஏழாம் நாள் பிள்ளை செத்துப்போகிறது.

புத்தகத்தை மூடிவிட்டேன். மேலே வாசிக்கவும் துணிவில்லை, முன்னால் திருப்பிப் பார்க்கவும் தோன்றவில்லை. மருந்து என்று நாங்கள் செய்துகொண்டிருந்தது அந்தப் பிள்ளையைக் காப்பாற்றவில்லை. இதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது? அவர் அந்த ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நின்றுகொண்டிருந்தார். அதை அறுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. புருஷனிடம் மட்டும் சொன்னேன். அவர் "அம்மாகிட்டச் சொல்லாத" என்றார். அதன் பிறகு பட்டினி கிடக்கும்போது நம்பிக்கையும் இல்லை, நிறுத்தத் தைரியமும் இல்லை.

பெருமழை காலத்தில் வலி எடுத்தது. பிரசவம் பார்க்கிற தோட்டத்து மிட்வைப் அம்மா வந்தார். பிள்ளை உயிரோடு பிறந்தது. பெண். மெலிந்து, தோல் சுருங்கி, பூனைக்குட்டி மாதிரி கத்தியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நான் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் பொய். பயந்தேன். உயிரில்லாமல் பிறந்திருந்தால் இழப்பு அன்றோடு போயிருக்கும். இனி ஏழு நாள் காத்திருக்க வேண்டும்.

என் புருஷன் ஒரு வாதம் கண்டுபிடித்தார். "அது ராஜாவோட ஆம்பளப் பிள்ளைக்கு வந்தது. நமக்குப் பொண்ணுல்ல?" என்று தொழிற்சாலைக்கும் வீட்டுக்கும் இடையே அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். மாமியார் கேட்டுவிட்டு, "பிள்ளைன்னுதானே போட்டிருக்கு" என்றார். அதோடு அந்த வாதம் முடிந்தது. மாமியார் பட்டினியை இன்னும் இறுக்கினார். பிள்ளை பெற்றவளுக்கு வழக்கமாகக் கொடுக்கிற மிளகு ரசமும் கருவாடும் இல்லாமல், எனக்குக் கஞ்சித் தண்ணீர் மட்டும் வந்தது. அவருக்கு அதுவும் இல்லை.

பிள்ளை முதலில் நன்றாகத்தான் வாய் வைத்தது. பிறகு சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு அழுதது. பிறகு அழுகை குறைந்தது. என் பயத்துக்கு அது அமைதியாகத் தூங்குகிறது என்று படவில்லை, போய்க்கொண்டிருக்கிறது என்று பட்டது. ஏழாம் நாள் காலையில் எடுத்தபோது கை கால் தொய்ந்து தொங்கியது. உதடு காய்ந்திருந்தது. நாக்கை நீட்டக்கூட அதற்குத் தெம்பில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, மலையில் வேலையில்லை. லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்தார்கள். யாரும் டிஸ்பென்சரிக்குப் போ என்று சொல்லவில்லை. எழுதிப் போட்டிருப்பதை எந்த மருந்து மாற்றும்? ஒருத்தி, வெள்ளைத் துணி இருக்கிறதா என்று இன்னொருத்தியிடம் தணிந்த குரலில் கேட்டது என் காதில் விழுந்தது.

அந்தக் கேள்வியில் எனக்குள் ஏதோ கொதித்தது. அவ்வளவு மாதப் பயமும் கோபமாகத் திரும்பியது. பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டே எட்டிப் பெட்டியைத் திறந்து புத்தகத்தை எடுத்தேன். என் பிள்ளையைக் கொல்லப் போகிறதென்றால், ஏன் என்று அது எனக்குச் சொல்லட்டும். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை, விரலும் வைக்கவில்லை. அந்தப் பக்கத்தை எடுத்து, முன்னால் திருப்பினேன். இன்னும் முன்னால் திருப்பினேன். அந்தக் கதை எங்கே தொடங்குகிறதோ அங்கே போனேன்.

மாமியார் தரையில் குப்புறக் கிடந்து ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். "அத்தை, கேளுங்க" என்றேன். உரக்க வாசித்தேன்.

ராஜா மொட்டைமாடியில் உலாவுகிறார். குளிக்கிற ஒரு பெண்ணைப் பார்க்கிறார். அவள் இன்னொருவன் மனைவி. ஆள் அனுப்பி அவளை எடுத்துக்கொள்கிறார். அவள் வயிற்றில் பிள்ளை தங்குகிறது. விஷயம் வெளியே வராமல் இருக்க, அவளுடைய புருஷனைச் சண்டையின் முன்வரிசையில் நிறுத்திச் சாகடிக்கிறார். பிறகு ஆண்டவர் அனுப்பிய தீர்க்கதரிசி ஒருவர் வருகிறார். ஆடு மாடு நிறைய வைத்திருந்த பணக்காரன் ஒருவன், ஏழை வளர்த்த ஒரே ஓர் ஆட்டுக்குட்டியைப் பிடித்து விருந்து வைத்த கதையைச் சொல்கிறார். அந்த ஆள் நீதான் என்று ராஜாவின் முகத்துக்கு நேராகச் சொல்கிறார். அதற்குப் பிறகுதான், அவ்வளவுக்கும் பிறகுதான், என் விரல் பட்ட அந்த வரி வந்தது.

வாசிப்பதை நிறுத்தினேன். மாமியார் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"இது யாருக்குச் சொன்னது அத்தை? அந்த ராஜாவுக்குச் சொன்னது. நான் யாரு புருஷனக் கொன்னேன்? நீங்க யாரு பொண்டாட்டியப் புடிச்சிட்டு வந்தீங்க?"

"மேல வாசி" என்றார். அவர் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

வாசித்தேன். ராஜா பட்டினி கிடந்ததை, தரையில் கிடந்ததை, ஏழாம் நாளை. அந்த இடத்தில் பிள்ளையை மடியோடு இறுக்கிக்கொண்டேன். ஆனால் நிறுத்தவில்லை. பிள்ளை செத்த பிறகு ராஜா எழுந்து, குளித்து, உடை மாற்றி, சாப்பாடு கேட்டுச் சாப்பிடுகிறார். அந்தப் பெண், பிள்ளையைப் பெற்றவள், எப்படி அழுதாள் என்று ஒரு வரி எழுதியிருக்கவில்லை. அதற்காக நான் அந்தப் புத்தகத்தின் மேல் கோபப்பட்டேன், இன்னும் அந்தக் கோபம் இருக்கிறது.

மாமியார் மெல்லக் கேட்டார்.

"அப்ப, பட்டினி கெடந்தும் அந்தப் பிள்ள பொழைக்கலயா?"

"பொழைக்கல அத்தை."

அவர் முகத்தில் ஓடியதை என்னால் எழுத முடியவில்லை. அந்த மாதங்கள் முழுவதும் அவர் நம்பிப் பிடித்திருந்த கயிறு அறுந்து கையோடு வந்துவிட்டது. விழுந்துவிடுவார் என்று நினைத்தேன். விழவில்லை. எழுந்தார். என் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கி, கம்பளிக்குள் வைத்து மார்போடு கட்டிக்கொண்டார். "எந்திரி" என்று எனக்குச் சொல்லிவிட்டு, உட்கார்ந்திருந்த பெண்களைத் தாண்டி மழையில் இறங்கினார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். ரத்தம் ஒழுகியது. கால் வழுக்கியது. முன்னால் அந்தக் கறுப்புக் கம்பளி மட்டும் கண்ணில் தெரிந்தது. அது நின்றுவிடுமோ, நின்று என் பக்கம் திரும்பிவிடுமோ என்று பயந்துகொண்டே நடந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்து நடந்த நடை வேறில்லை.

டிஸ்பென்சரிக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை எழுப்பிவிட்ட எரிச்சல் அவர் முகத்தில் இருந்தது. பிள்ளையின் தோலைக் கிள்ளிப் பார்த்தார், உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்தார், விரலை வாய்க்குள் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கன்னம், என் கை, ஒட்டிப்போன என் நெஞ்சு எல்லாவற்றையும் பார்த்தார்.

"பிள்ளைக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்லை. பசி. தாயிட்டப் பாலே இல்லை. தாய் என்ன சாப்பிட்டவ?"

மாமியார் சொன்னார்.

"நான் அவளப் பட்டினி போட்டேங்க."

அவர் அதை மெதுவாகச் சொல்லவில்லை. எங்கள் பின்னாலேயே வந்து வாசலில் நின்ற ஆட்களுக்கும் கேட்கும்படி சொன்னார். காரணம் என்று வசனத்தைச் சொல்லவில்லை, உபதேசியாரைச் சொல்லவில்லை. அந்த மனிதர் ஏதோ கத்த வாயெடுத்துவிட்டுத் திரும்பி, வெந்நீரில் குளுக்கோஸ் கலந்தார். கரண்டி நுனியில் சொட்டுச் சொட்டாக விட்டார். முதல் சொட்டு உதட்டோரம் வழிந்தது. இரண்டாவதும் வழிந்தது. மூன்றாவது வழியவில்லை, தொண்டை அசைந்தது. மாமியார் அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதார்.

பொழுது சாய்ந்தது, இருட்டியது, ஏழாம் நாள் போய்விட்டது. எட்டாம் நாள் காலையில் அது கத்தியது. பால்மாவும், எங்கள் லயத்தில் பிள்ளை பெற்றிருந்த இன்னொருத்தியின் பாலும், பிறகு என் பாலுமாக அது தேறியது. மாமியார் கடன் சொல்லிக் கருவாடு வாங்கி வந்து, நான் தட்டை வழித்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பார். போதும் என்றாலும் விடமாட்டார். அந்த விஷயத்தில் அவருடைய கொடுமை பழைய கொடுமைக்கு இளைத்ததில்லை.

சாயங்கால வாசிப்பு மாறிவிட்டது. இப்போது அவர் திறந்து கொடுப்பதில்லை. "நேத்து எதுல விட்ட?" என்று கேட்பார். ஏதாவது கடுமையான வரி வந்தால் கையை உயர்த்தி நிறுத்துவார். "இது யாரு சொன்னது? யாருக்குச் சொன்னது? எதுக்குச் சொன்னது?" என்று மூன்றையும் கேட்டு, பதில் தெரிந்த பிறகுதான் மேலே போகவிடுவார். தெரியவில்லை என்றால் முன்னால் திருப்பச் சொல்வார். எழுத்தே தெரியாத மனுஷி, என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டார். ஆனாலும், உண்மையைச் சொன்னால், புத்தகத்தைத் திறக்கும்போது என் விரல் இன்றைக்கும் தாளில் படாமல் ஓரத்தைத்தான் பிடிக்கும். அந்தப் பயம் போகவே இல்லை.

அடுத்த புது வருஷக் காலை, அதே பிள்ளைக் காம்பராவில் கூடினோம். மற்றவர்கள் பழையபடி விரல் வைத்துத்தான் வசனம் எடுத்தார்கள். என் முறையில் நான் தலையை ஆட்டிவிட்டேன், யாரும் வற்புறுத்தவில்லை. பிள்ளை மாமியார் மடியில் இருந்தது. அப்போது, மாட்டுக்குக் கயிறு வாங்கிய அந்தக் கவ்வாத்துக்காரர் விளையாட்டாக, "இந்தா, சின்னக் குட்டிக்கும் ஒரு வசனம் எடுத்துருவோம்" என்று சொல்லி, திறந்த புத்தகத்தைப் பிள்ளையின் கைக்கு நேரே கொண்டுபோனார். பிள்ளை தாளைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு விரலை நீட்டியது.

மாமியார் அந்தக் கையைப் பிடித்துவிட்டார். தேயிலைக் கறை ஏறிய தன் கைக்குள் அதை முழுவதும் மூடிக்கொண்டார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

"இவ விரலு வேணாம். இவ பெருசாகி, மொதல்லேருந்து வாசிச்சுக்குவா."

கூட்டம் கலைந்து, எல்லாரும் எழுந்து வெளியே போகும்வரை அந்தக் கையை அவர் விடவில்லை.